ஏர் ஆம்புலன்ஸா, பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சரா?

டெல்லியில் பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மாமாவைச் சென்னைக்குக் கொண்டுவர எங்களுக்கு இருந்தவை இந்த இரண்டு வழிகள்தான். 2,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் சாலை ஆம்புலன்ஸ் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கூட்டிவந்தோம். நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் இனியும் அதையேதான் செய்வேன்.

வேகமும் செலவும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஏர் ஆம்புலன்ஸ் சில மணி நேரத்தில் கிளம்பிவிடும், லட்சக்கணக்கில் கேட்கும். ஸ்ட்ரெச்சருக்குப் பல இருக்கைகளின் கட்டணத்தைக் கட்டி, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அப்படியும் செலவு பல மடங்கு குறைவு.

நான் பார்த்தது வேறு: "இவர் பறக்கக் கூடாது" என்று சொல்வது யார்?

பயணிகள் விமானம் என்றால் மெடிஃப் என்ற படிவம் உண்டு. சிகிச்சை தரும் டாக்டர் நிரப்ப வேண்டும். நோய் என்ன, ஹீமோகுளோபின் எவ்வளவு, ஆக்சிஜன் தேவையா, கூட வருவது யார் என்று துருவும். அதை விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரெச்சர் போனால் அவர்களுக்குப் பெரிய லாபமில்லை. நடுவானில் ஏதாவது ஆகி விமானத்தைத் திருப்ப நேர்ந்தால்தான் நஷ்டம். அதனால் தயங்காமல் மறுப்பார்கள். எங்களிடமும் புதிய ரத்தப் பரிசோதனை கேட்டு இழுத்தடித்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது.

ஏர் ஆம்புலன்ஸுக்காக நான் பேசிய ஏஜென்ட்டோ, ஒரு ரிப்போர்ட்டையும் பார்க்காமல் "நாளைக்கே தூக்கிடலாம் சார்" என்றார். எந்த டாக்டர் வருவார் என்றால், "நல்ல டீம் சார்." நோயாளி பறக்கலாமா என்று முடிவு செய்பவரும் பணம் வாங்குபவரும் ஒருவரே.

அரசுக் கண்காணிப்பு இல்லாமல் இல்லை. இந்த விமானங்கள் டிஜிசிஏ என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தரும் அட்டவணையில்லாச் சேவை அனுமதியில்தான் பறக்கின்றன. விமானத்தின் தகுதி, பைலட்டின் உரிமம், பணிநேரம் எல்லாம் அதன் பிடிக்குள் வரும். அப்படியும் 2011-ல் பாட்னாவிலிருந்து டெல்லிக்கு நோயாளியுடன் வந்த சிறு விமானம் மோசமான வானிலையில் ஃபரிதாபாத்தில் வீடுகள் மீது விழுந்து, தரையில் இருந்த 3 பேர் உட்பட 10 பேர் இறந்தார்கள். உள்ளே வரும் டாக்டரின் அனுபவம், வென்டிலேட்டரின் நிலை போன்றவற்றில் அந்தக் கறார் எனக்குத் தென்படவில்லை. அதையெல்லாம் குடும்பம்தான் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் ஓரளவு தேறிய நோயாளிக்குத்தான். வென்டிலேட்டரில் இருப்பவரைக் கூட்டிவந்த அனுபவம் எனக்கில்லை. அந்த நிலையில் பயணிகள் விமானத்தை நம்பியிருக்க முடியாது. மூளை அறுவைக்குப் பின் மண்டைக்குள் காற்று தங்கியவர்களுக்கும், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்களுக்கும் கேபின் அழுத்தம் குறைவது ஆபத்து. பயணிகள் விமானத்துக்குள் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறையலாம். ஏர் ஆம்புலன்ஸில் தாழப் பறக்கச் சொல்லிக் கேட்கலாம். எரிபொருள் கூடும்.

ஏர் ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும் என்றால், விலை பேசுவதற்கு முன் விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் பெயரையும் VT என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவெண்ணையும் கேளுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை டிஜிசிஏ தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. சொந்தமாக ஒரு விமானமும் இல்லாத இடைத்தரகர்கள் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.