இங்கிலாந்தின் பல்லுயிர்க் கணக்குக் கோப்பு: பில்டர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

இங்கிலாந்தில் வீடு கட்டப்போகும் நிறுவனம் வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் ஓர் எக்செல் கோப்பைத் திறந்தாக வேண்டும். 2021 சுற்றுச்சூழல் சட்டப்படி, கட்டுமானத்துக்குப் பிறகு வாழிடங்களின் மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது 10% கூடியிருக்க வேண்டும். பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதலும் சிறிய மனைகளுக்கு ஏப்ரல் 2 முதலும் இது கட்டாயமானது. இதைக் கணக்கிட அரசு இலவசமாகத் தருவதுதான் இந்தக் கோப்பு. நல்ல நிலத்தில் கை வைக்காதே என்று பில்டருக்குப் பணக்கணக்கில் புரியவைப்பதில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். மற்ற வேலைகளில் இதை முழுக்க நம்பக்கூடாது.

அடிப்படைக் கணக்கு எளிது. பரப்பளவை (ஹெக்டேரில்) வாழிடத்தின் தனித்தன்மை (அந்த வகை இயற்கைக்கு எவ்வளவு அரியது என்பது), அதன் இப்போதைய நிலை, அமைவிட முக்கியத்துவம் ஆகியவற்றின் மதிப்பெண்களால் பெருக்கினால் ‘அலகு’ கிடைக்கும். தனித்தன்மைக்கு 0, 2, 4, 6, 8. நிலைக்கு 1 முதல் 3 வரை. உழுத வயல் ஒரு ஹெக்டேருக்கு 2 அலகுதான். நடுத்தரத் தனித்தன்மையும் நடுத்தர நிலையும் உள்ள புல்வெளி 4 × 2 = 8. அமைவிட மதிப்பெண்ணை இரண்டுக்கும் 1 என்று வைத்திருக்கிறோம்.

புதிதாக உருவாக்குவதற்கு வரும்போதுதான் கோப்பு கறாராகிறது. வளர எடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 3.5% கழிவு, உருவாக்குவது கடினம் என்றால் அதற்கும் தனிக் கழிவு. அந்த 8 அலகுப் புல்வெளியை முழுதாக அழித்து, அதே தரத்தில் இன்னொன்றை ஐந்து ஆண்டில் வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்கு 6.7 அலகுதான் தேறும். தேவை 8.8. ஆக, சுமார் 1.3 ஹெக்டேர் புதிதாக வேண்டும். வீடுகளின் அமைப்பை மாற்றிப் பாதிப் புல்வெளியைத் தொடாமல் விட்டால், புதிதாக வேண்டியது 0.72 ஹெக்டேர். மனை விற்கிற விலையில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று எந்த பில்டருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே சூழலியலாளரை நிலம் வாங்கும்போதே அழைத்துவிடுவது லாபம். வரைபடம் முடிந்தபின் அழைத்தால் அவர் கணக்குப்பிள்ளை வேலைதான் பார்க்க முடியும்.

நிலத்தை முன்கூட்டியே மொட்டையடித்துவிட்டு ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று காட்டும் பழைய தந்திரமும் செல்லாது. 2020 ஜனவரி 30-க்குப் பின் அனுமதியில்லாமல் சீரழித்திருந்தால், சீரழிவுக்கு முந்தைய நிலையைத்தான் அடிப்படையாகப் பதிய வேண்டும்.

நிரப்புவதில் அதிகம் சறுக்கும் இடம் வர்த்தக விதிகள், அதாவது எந்த வாழிடத்துக்கு எதை ஈடாகக் கொடுக்கலாம் என்ற விதிகள். மொத்தம் 10%-ஐத் தாண்டிவிட்டது என்று கோப்பை மூடிவிடுவார்கள். விதிகளுக்கான தாளைப் பார்த்தால், விதி நிறைவேறியதா என்பதற்கு ‘இல்லை’ என்றிருக்கும். உயர் தனித்தன்மை கொண்ட வாழிடம் போனால் அதே வகையைத்தான் ஈடாகக் கொடுக்க வேண்டும். உயிர்வேலியும் நீரோடையும் தனித்தனிக் கணக்கு. ஓடையில் இழந்ததைப் புல்வெளியால் சரிக்கட்ட முடியாது. புதிதாக நடும் மரத்தைப் பொதுவாகச் சிறு மரமாக, 0.0041 ஹெக்டேராகத்தான் பதிய வேண்டும். நூறு மரம் நட்டாலும் அரை ஹெக்டேர்கூட வராது. தனி வீட்டுத் தோட்டத்தில் நடுவதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, ஏனெனில் வாங்கியவர் நாளையே வெட்டிவிடலாம்.

கோப்பின் பெரிய ஓட்டை எதிர்கால ‘நிலை’ என்ற கட்டம். நடுத்தரம் என்பதை நல்ல நிலை என்று மாற்றினால் மதிப்பெண் 2-இலிருந்து 3 ஆகிவிடும். ஆண்டுக் கழிவு கூடினாலும் பெரும்பாலும் லாபம்தான். ஆனால் மேல்மண் வளமாக இருந்தால் புல் மட்டும் மண்டிக் காட்டுப்பூக்களை அமுக்கிவிடும். அறுத்த புல்லை அங்கேயே போட்டால் வளம் இன்னும் ஏறும். பொதுப் புல்வெளி என்றால் நாய் நடையும் பந்து விளையாட்டும் சேர்ந்துகொள்ளும். பராமரிக்க வேண்டியதோ 30 ஆண்டு. மேல்மண்ணை நீக்கியது, ஆண்டுக்கு எத்தனை அறுப்பு, அறுத்ததை யார் அள்ளுவது என்ற விவரம் திட்டத்தில் இல்லையென்றால், ‘நல்ல நிலை’ என்று நிரப்பியிருப்பதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

சொந்த மனையில் இடம் போதாவிட்டால், வெளியே வேறு நிலத்தில் வாழிடம் உருவாக்குபவரிடம் அலகு வாங்கலாம். பக்கத்து வட்டாரம் என்றால் அலகின் மதிப்பு 0.75 ஆகும், அதற்கும் அப்பால் 0.5. கடைசி வழி, அலகுக்குப் பதிலாக அரசே விற்கும் கிரெடிட்: 2023-இல் வெளியான விலைப்பட்டியலில் மிகக் குறைந்ததே 42,000 பவுண்டு, அதுவும் ஓர் அலகுக்கு இரண்டு வாங்க வேண்டும். வேண்டுமென்றே யானை விலை.

பறவையும் முள்ளெலியும் இந்தக் கோப்பின் கண்ணுக்குத் தெரியாது. உழவாரன் (swift) பறவை கூடு கட்டச் சுவரில் பதிக்கும் பொந்துச் செங்கல்லுக்கும், முள்ளெலி நுழைய வேலியடியில் விடும் 13 செ.மீ. சதுர ஓட்டைக்கும் மதிப்பெண் கிடையாது. செலவோ மிகக் குறைவு. செங்கல்லைத் தரையிலிருந்து குறைந்தது 5 மீட்டர் உயரத்தில், கூரை விளிம்பின் நிழலில் அல்லது வடக்கு, கிழக்குச் சுவரில், நேர் கீழே தடையில்லாத இடத்தில் பதிக்க வேண்டும். உழவாரன் கூட்டமாக வாழ்வதால் அருகருகே சில செங்கற்கள் நல்லது. இவ்வளவையும் சுவர் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். ‘பொருத்தமான இடத்தில்’ என்று மட்டும் எழுதினால், கொத்தனார் ஜன்னலுக்கு நேர் மேலே வைத்துவிட்டுப் போய்விடுவார்.