பாரிஸுக்கு ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா? பெட்டியை வைத்து ஒரு ஒப்பீடு

புதுச்சேரியில் பாரிஸுக்குப் போய்வரும் ஆளே இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் அங்கே, பெற்றவர்கள் இங்கே. டிக்கெட் போடும்போது வீட்டில் பேச்செல்லாம் விலையைப் பற்றித்தான். பெட்டி எந்த ஊரில் இறங்கும், அடுத்த விமானத்துக்கு போர்டிங் பாஸை யார் தருவார்கள் என்பதெல்லாம் சென்னையில் கவுன்ட்டர் முன்னால் நிற்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. வயதான அம்மாவைத் தனியாக அனுப்புகிற வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பேன்.

நம் பக்கத்து ஆட்கள் பார்க்கிற வழிகள் மூன்று. துபாய், தோஹா, அபுதாபி வழியாக ஒரே டிக்கெட். டெல்லி அல்லது மும்பை வழியாக ஒரே டிக்கெட். மூன்றாவது, வளைகுடா வரை ஒரு மலிவு விமானம், அங்கிருந்து பாரிஸுக்கு வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட்.

முதல் வழியில் சிக்கல் குறைவு. எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ், எத்திஹாட் மூன்றுமே சென்னைக்கும் வருகின்றன, பாரிஸுக்கும் போகின்றன. சென்னையில் போட்ட பெட்டியை பாரிஸில் எடுத்தால் போதும். இரண்டு போர்டிங் பாஸும் பெரும்பாலும் சென்னையிலேயே கைக்கு வந்துவிடும். நடுவில் இமிகிரேஷன் கிடையாது, அந்த நாட்டு விசாவும் வேண்டாம். கைப்பையை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்வார்கள். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அந்தக் குறிப்பு இரண்டு விமானத்துக்கும் சேர்ந்தே போகும். ஒன்றே ஒன்றை அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள்: இரண்டாவது பாஸில் கேட் எண் காலியாக இருக்கலாம், இருந்தாலும் மாறலாம். இறங்கியதும் திரையைப் பார்க்க வேண்டும்.

டெல்லி, மும்பை வழி, போகும்போது கிட்டத்தட்ட இதே போலத்தான். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேராக பாரிஸ் போய்விடும். மொழி தெரிந்த ஆள் யாராவது இருப்பார், நம் நாட்டு போன் வேலை செய்யும் என்ற தைரியமும் உண்டு.

திரும்பி வரும்போதுதான் கதை மாறுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள், முதலில் இறங்கும் இந்திய விமான நிலையத்திலேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை பெல்ட்டிலிருந்து எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பொதுவான நடைமுறை இதுதான். பாரிஸில் பெட்டிக்குச் சென்னை வரை டேக் போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை. டேக்கைப் பார்த்துவிட்டு ‘சென்னையில்தான் வரும்’ என்று நேராக அடுத்த கேட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. பெட்டி டெல்லி பெல்ட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்பது மணி நேரப் பயணம் முடிந்த களைப்பில், இருபத்து மூன்று கிலோ பெட்டிகள் இரண்டை வண்டியில் ஏற்றி, கவுன்ட்டர் தேடி, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்பது இளவட்டத்துக்கே அலுப்பு. அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு இது வேண்டாம். இந்த வழியில்தான் போவேன் என்றால், திரும்பும்போது இரண்டு விமானங்களுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது இருக்கிறதா பாருங்கள். வளைகுடா வழியில் பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் சென்னையிலேயே முடிந்துவிடும். அப்புறம் கார் ஏறினால் ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம், கடலூர் என்றால் இன்னும் கொஞ்சம்.

மூன்றாவது வழியில் விலை ஆசை காட்டும். ஆனால் முதல் கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் பயணம் துபாயோடு முடிந்தது. பெட்டியை அங்கேயே இறக்கிவிடுவார்கள். அதை எடுக்க இமிகிரேஷன் தாண்டியாக வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். நம் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு வகை பாஸ்போர்ட் இருப்பது சகஜம். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரன் துபாயில் முன்கூட்டி விசா எடுக்காமலே வெளியே வந்து பெட்டியை எடுத்துவிடுவான். இந்திய பாஸ்போர்ட்டில் கூடவே வரும் பாட்டிக்கு விசா விதி வேறு. பேரனுக்குச் சரிப்பட்ட டிக்கெட் பாட்டிக்கும் சரிப்படும் என்று நினைக்கக் கூடாது. அதோடு, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தக் காசு போனதுதான். ஒரே டிக்கெட்டில் அப்படி நடந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. கைப்பையோடு மட்டும் போகிற, வழியில் ஒரு நாள் தங்கத் தயாராக இருக்கிற ஆளுக்கு மட்டும் மூன்றாவது வழியைச் சொல்வேன்.

ஒரே தளத்தில் ஒரே தடவை பணம் கட்டினால் ஒரே டிக்கெட் என்று அர்த்தமில்லை, கவனம். பி.என்.ஆர் என்ற முன்பதிவுக் குறியீட்டை வைத்தும் முடிவு செய்ய முடியாது, ஒரே டிக்கெட்டிலேயே கம்பெனிக்கு ஒரு பி.என்.ஆர் இருக்கலாம். பார்க்க வேண்டியது 13 இலக்க டிக்கெட் எண். எமிரேட்ஸ் என்றால் 176, கத்தார் என்றால் 157, ஏர் இந்தியா என்றால் 098 என்று தொடங்கும். இரண்டு விமானமும் ஒரே எண்ணின் கீழ் இருந்தால் நிம்மதி. ஏஜென்ட் டிக்கெட் போட்டுத் தந்தாலும் இதை வாங்கிப் பாருங்கள்.

கவுன்ட்டரில் பெட்டி பெல்ட்டில் நகர்வதற்குள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, “சார், டேக் எதுவரைக்கும் போட்டிருக்கீங்க?” பதிலோடு விடாமல் டேக்கையும் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்து, பெட்டி போய்ச் சேரும் ஊர். பாரிஸ் சார்ல் த கோல் என்றால் சி.டி.ஜி. துபாயின் டி.எக்ஸ்.பி சிறியதாக இருந்தால் சரி, பெரிய எழுத்தில் அதுவே இருந்தால் உடனே சொல்லுங்கள். கையில் தரும் துண்டில் பத்து இலக்க எண் இருக்கும். அதை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டிங் பாஸ் போனிலா, தாளிலா? இணையத்தில் செக்-இன் செய்துகொள்வது நல்லதுதான், இருக்கையாவது பிடித்துக்கொள்ளலாம். ஆனால் விசா பார்க்க வேண்டியிருப்பதால் இரண்டாவது விமானத்தின் பாஸ் சில நேரம் இணையத்தில் வராது. பெட்டி போட எப்படியும் கவுன்ட்டருக்குப் போகத்தானே போகிறோம், இரண்டையும் தாளில் அச்சடித்து வாங்கிவிடுங்கள். நடுவழியில் போன் சார்ஜ் இறங்கிவிட்டால் தாள்தான் கைகொடுக்கும்.

பெட்டிக்குள் என்ன வைக்கிறோம் என்பதும் முக்கியம். பவர் பேங்க் பெட்டிக்குள் கூடாது, கைப்பையில்தான். நெய், பால்கோவா எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. கருவாடு கொண்டுபோகலாம், மீன் பொருட்களுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விட்டிருக்கிறார்கள். வாடை வராமல் கட்டுவது உங்கள் பொறுப்பு. மாத்திரை, விசாக் காகிதம், ஒரு செட் துணி கைப்பையில் இருக்கட்டும்.

பெட்டி வரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் லக்கேஜ் கவுன்ட்டரில் பி.ஐ.ஆர் என்ற புகார்த்தாளை எழுதி வாங்குங்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), நம் காசில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒரே டிக்கெட்டில் போனால், கடைசி விமானத்தில் கூட்டிவந்த கம்பெனியிடமே புகாரைக் கொடுத்துவிடலாம்.