பேரேட்டுக்கு எவ்வளவு, இசைகுடிமானத்துக்கு எவ்வளவு?

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, கானாடுகாத்தான் வீட்டு மாடியில் இரண்டு மரப்பெட்டிகள் நனைந்துவிட்டன. ஒன்றில் பாட்டையா ரங்கூனில் கணக்குக்கு இருந்த காலத்துப் பேரேடுகள், 14. மற்றதில் கல்யாண இசைகுடிமானங்கள் (இரண்டு வீட்டாரும் கையெழுத்திடும் கல்யாண ஒப்பந்த ஓலைகள்), கடிதங்கள், கொஞ்சம் அச்சுப் புத்தகங்கள். நிழலில் மின்விசிறி போட்டுக் காயவைத்தோம். "மொத்தமா சரிபண்ண எவ்வளவு ஆகும்னு கேட்டு வாப்பா" என்றார் பெரியப்பா. மொத்தமாகக் கேட்பதுதான் தப்பு என்பது விசாரிக்கப் போன பிறகே புரிந்தது.

மலிவானது லேமினேஷன். சித்தப்பா சில வருடம் முன் ஓர் இசைகுடிமானத்தை அப்படிச் செய்து வாங்கினார். இன்று பிளாஸ்டிக்குக்குள் தாள் பழுத்துக் கிடக்கிறது. ஓரத்தில் காற்றுப் புகுந்து குமிழ் விட்டிருக்கிறது. சூட்டில் உருகி ஒட்டிய பசையைப் பிரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். கையெழுத்துப் போட்ட இரண்டு வீட்டாரும் இன்று இல்லை. இன்னொரு படி எங்கே வாங்குவது? இலவசமாகச் செய்து தந்தாலும் வேண்டாம்.

பைண்டிங் அச்சுப் புத்தகத்துக்குச் சரி. பேரேட்டுக்கு ஆகாது. ஓரத்தை வெட்டிச் சீராக்குவார்கள். எங்கள் பேரேடுகளில் ஓரத்தில்தான் தொகைக் குறிப்பு இருக்கிறது. பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழக்கமும் உண்டு. அதிலுள்ள செம்பு தாளை இன்னும் சீக்கிரம் நொறுக்கும்.

முறையாகப் படித்த ஆவணப் பாதுகாப்பாளரின் வேலை வேறு மாதிரி. தூரிகையால் தூசி தட்டி, மை கரையுமா என்று ஒரு புள்ளியில் சோதித்து, அமிலத்தை முறித்து, கிழிசலில் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டுவார். பின்னால் வேண்டுமானால் ஈரம் காட்டி அதை எடுத்துவிடலாம். கூலி பெரும்பாலும் தாள் கணக்கு, இல்லையென்றால் மணிக் கணக்கு. தாளுக்கு 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும், 300 தாள் பேரேடு ஒன்றுக்கு 30,000, பதினாலுக்கும் 4,20,000. இத்தனைக்கும் பேரேட்டில் நமக்கு வேண்டியது வரவும் செலவும் பெயர்களும்தான். நல்ல படம் இருந்தால் அதிலேயே படித்துவிடலாம்.

கடிதங்கள் அப்படியல்ல. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: 'ள'வின் சுழி இருந்த இடமெல்லாம் ஊசியால் குத்தியதுபோல ஓட்டை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்த மை. அதன் அமிலமும் இரும்பும் தாளை அரித்திருக்கின்றன. இதை வீட்டில் நனைக்கவோ மடிப்பை நீவவோ கூடாது. நிபுணருக்குத் தரும் பணம் இங்கேதான் பெறும்.

பேரேடுகளை மேலிருந்து எடுக்கும் கேமராவில், தெளிவு 300 டி.பி.ஐ.க்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் வண்ணத்தில் எடுக்கச் சொன்னோம். தட்டையான ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுவிடும். மூலத்தை அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் வைத்து, பருத்தி நாடாவால் கட்டினால் போதும். இதில் மறைவான செலவு ஹார்ட் டிஸ்க்: இரண்டு ஊரில் இரண்டு படி, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அச்சுப் புத்தகத்துக்குச் செலவழிக்கும் முன் ஒன்று பாருங்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் இதழ்களும், 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இன்று சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கின்றன. நம் புத்தகம் அங்கே இருந்தால் பழுதுபார்க்கும் பணம் மிச்சம்.

ஆக, எங்கள் முடிவு: மூன்று இசைகுடிமானமும் அரித்த கடிதங்களும் நிபுணரிடம், பேரேடுகள் படமெடுத்துப் பெட்டிக்குள். செலவைப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம். ஓடு மாற்றும் கூலி தனி. சித்திரைக்குள் அதை முடித்த பிறகுதான் பெட்டிகள் மாடி ஏறும்.