சிபாப் டியூபில் தண்ணீர்: ஹீட்டட் டியூபா, துணி உறையா, ஏசி ரிமோட்டா?

நடுராத்திரியில் டியூபுக்குள் கொடகொடவென்று சத்தம், மூக்கின் மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு, அதோடு தூக்கம் போச்சு. தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை ஊதும் கருவிதான் சிபாப் (CPAP) மெஷின். தொட்டித் தண்ணீரைச் சூடாக்கி அந்தக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் பாகம் ஹ்யூமிடிஃபையர். ஏசி அறையில் இரண்டையும் போட்டுத் தூங்கும் பலருக்கும் பழகிய தொல்லை இது. மெஷின் விற்றவரிடம் கேட்டால், சூடேற்றும் கம்பி வைத்த ஹீட்டட் டியூப் வாங்கச் சொல்வார். ஏற்கெனவே பயன்படுத்துகிற நண்பர் டியூபுக்கு உறை தைத்துப் போடச் சொல்வார். இன்னொருவர் ஈரப்பத அளவைக் குறைக்கச் சொல்வார். மூன்றும் சரியான யோசனைகள்தான். எது யாருக்குச் சரி என்பதை உங்கள் படுக்கையறையின் வெப்பநிலையும், தண்ணீர் டியூபின் எந்த இடத்தில் தேங்குகிறது என்பதும்தான் முடிவு செய்யும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 என்ற சிபாப் மெஷினை ஹீட்டட் டியூபோடு தானியங்கி முறையில் விட்டால், காற்றை 27 டிகிரி செல்சியஸில், 85 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் 85 சதவீதம்) மாஸ்க்குக்கு அனுப்பப் பார்க்கும். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு சுமார் 22 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தால், அது சுமக்கக்கூடிய உச்ச அளவே சுமார் 21.8 கிராம்தான். அதற்கும் கீழே போனால் மிச்சம் தண்ணீராக இறங்கியே ஆக வேண்டும். 22 டிகிரியில் காற்று தாங்குவது 19.4 கிராம், 20 டிகிரியில் 17.3, 18 டிகிரியில் 15.4.

மாஸ்க்கின் வெளியேற்றுத் துளைகள் வழியாக, மெஷினின் அழுத்தம் 10 செ.மீ. நீர் (சிபாப் அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றிருக்கும்போது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர் காற்று போய்க்கொண்டே இருக்கும். எட்டு மணி நேரத்தில் 14 கன மீட்டருக்கு மேல். அறை 20 டிகிரியில் இருந்து, டியூபில் காற்று முழுக்கக் குளிர்ந்துவிட்டால், ஒரு ராத்திரியில் 65 மி.லி. வரை தண்ணீர் இறங்கலாம். இது மேல்வரம்பு. நடைமுறையில் கொஞ்சம் தொட்டிக்கே திரும்பி ஓடும், கொஞ்சம் மறுபடி ஆவியாகும். ஆனால் டியூபின் வளைவில் ஒரு மேசைக்கரண்டி நீர் தேங்கினாலே காற்று அதைக் குமிழியிட்டுத் தாண்ட வேண்டும். அழுத்தம் ஏறி இறங்கும், மெஷினின் மூச்சுப் பதிவிலும் குளறுபடி வரலாம்.

தண்ணீர் எங்கே இருக்கிறது?

காசு செலவழிக்கும் முன் ஒரு காலைப் பொழுதில் டியூபைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். முழு நீளத்துக்கும் உள்சுவரில் முத்து முத்தாகத் துளிகள் இருந்தால் அறை குளிர்ச்சிதான் காரணம். மாஸ்க் பக்கக் கடைசி ஒரு சாணிலும் மாஸ்க்கிலும் மட்டும் ஈரம் என்றால் டியூபைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மெஷின் பக்கம் மட்டும் நீர் குளமாக நின்றால், தொட்டியை உச்சக் கோட்டுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள், அல்லது மெஷின் சாய்ந்து நிற்கிறது. அதற்கு எந்த டியூபும் மருந்தாகாது.

ஏசி ரிமோட்

செலவே இல்லாத வழி இதுதான். ஆனால் கடைசியில்தான் நினைவுக்கு வரும். இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டு வர வேண்டும் என்பது ஆற்றல் திறன் பணியகத்தின் விதி. மின்சாரத்தைச் சேமிக்க வைத்த எண் அது. தற்செயலாக மேலே பார்த்த கணக்கின் எல்லைக்கோடும் அதே 24தான். அறையை 25-இல் வைத்தால் சாதாரண டியூபிலேயே பெரும்பாலும் இந்த மழை, அதாவது டியூபுக்குள் நீர் படிவது, நின்றுவிடும். 22-க்கு இறக்கினால் தொடங்கும், 20-இல் உறுதி.

ரிமோட்டில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்பிளிட் ஏசியின் காற்று நேராக டியூப் மேல் வீசினால் டியூபின் சுவர் அறையைவிடக் குளிர்ந்திருக்கும். ஏசியின் இதழ்களைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுங்கள், அல்லது டியூபைக் கட்டிலின் மறுபக்கமாகக் கொண்டு வாருங்கள். சரி, 25 டிகிரியில் வீட்டில் மற்றவர்களுக்குப் புழுங்குகிறது, 21-தான் வேண்டும் என்றால் அடுத்த வழிகளைப் பார்க்க வேண்டியதுதான்.

ஈரப்பத அளவைக் குறைப்பது

சாதாரண டியூப் போட்டால் ஏர்சென்ஸில் தானியங்கி முறை கிடைக்காது. ஈரப்பதத்தை 1 முதல் 8 வரை கையால் வைக்க வேண்டும். டியூபில் தண்ணீர் வந்தால் ஒரு படி இறக்குங்கள். மூக்கும் தொண்டையும் காய்ந்தால் ஒரு படி ஏற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று ராத்திரி கொடுத்துப் பாருங்கள். இவை வசதிக்கான அமைப்புகள், நோயாளியே மாற்றலாம். அழுத்த அமைப்பில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. ஏசி, அறைக் காற்றின் ஈரத்தை ஏற்கெனவே உறிஞ்சிவிடுகிறது. 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதமுள்ள அறைக் காற்றில் கன மீட்டருக்கு ஒன்பது கிராம்கூட இல்லை. தண்ணீர் சொட்டாத அளவுக்கு ஹ்யூமிடிஃபையரைக் குறைத்தால் மூக்கடைப்பும் தொண்டை எரிச்சலும் வரலாம். மூக்கு சுலபமாகக் காயாதவர்களுக்கு இது போதும். வாயால் மூச்சுவிடுபவர்களுக்கும் மாஸ்க்கில் கசிவு அதிகம் உள்ளவர்களுக்கும் போதாது. கசியும் காற்று ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

ஏசியே இல்லாமல் மின்விசிறி மட்டும் போட்டுத் தூங்குபவர் என்றால் கதையே வேறு. 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்பது சென்னையில் கோடை ராத்திரியின் சாதாரண நிலை. அந்தக் காற்றிலேயே கன மீட்டருக்கு 23 கிராம் அளவுக்கு நீராவி இருக்கிறது. ஹீட்டட் டியூப் அனுப்பப் பார்ப்பதைவிட அது அதிகம். அந்த மாதங்களில் ஹ்யூமிடிஃபையரை அணைத்துவிட்டே தூங்கலாம், தண்ணீர் மாற்றும் வேலையும் மிச்சம்.

துணி உறை

டியூப் முழுக்க ஜிப் வைத்த கம்பளித் துணி உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய போர்வையில் தைத்தும் போடலாம். உறை சூடு தராது, இருக்கிற சூடு வெளியேறும் வேகத்தைத்தான் குறைக்கும். எவ்வளவு? தோராயமாகக் கணக்குப் போட்டால், 30 டிகிரியில் மெஷினை விட்டுக் கிளம்பும் காற்று 20 டிகிரி அறையில், வெறும் டியூபில் ஆறடி கடந்து மாஸ்க்கை அடைகையில் 22 டிகிரிக்கு வந்துவிடும். ஓரளவு கனமான உறை போட்டால் 24-ஐ ஒட்டி நிற்கும். 24-தான் எல்லைக்கோடு என்று பார்த்தோமே. அதனால் 20 டிகிரி அறையில் உறை மயிரிழையில் தப்பிக்கும். 22 டிகிரி அறையில் வசதியாக ஜெயிக்கும். 18-இல் தோற்கும்.

நம் ஊர் ஏசி அறைகள் பலவற்றுக்கு உறையே போதும் என்பது எங்கள் கருத்து. ஹீட்டட் டியூப் வாங்கும் முன் இதை ஒரு வாரம் போட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். உறை மாஸ்க்கின் வளைவு மூட்டுக்கு முன்பே முடிய வேண்டும், வெளியேற்றுத் துளைகள் மூடினால் நீங்கள் விடும் கரியமில வாயுவையே மறுபடி சுவாசிக்க நேரும். உறையை வாரம் ஒருமுறை கழற்றித் துவையுங்கள், நனைந்த உறை குளிரைத் தடுக்காது, பூஞ்சைதான் பிடிக்கும்.

உறைக்குப் பதிலாக டியூபைப் போர்வைக்குள் விட்டுத் தூங்கும் பழக்கமும் உண்டு. சாதாரண டியூபுக்கு அது பரவாயில்லை. ஹீட்டட் டியூபை அப்படிப் போர்த்தக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டட் டியூப்

டியூபின் சுவருக்குள் சுருளாக ஓடும் கம்பி காற்றை வழியெல்லாம் சூடாக வைத்திருக்கிறது. ரெஸ்மெட்டில் இதன் பெயர் கிளைமேட்லைன்ஏர். வெப்பநிலையை 16 முதல் 30 டிகிரி வரை வைக்கலாம். ஃபிஷர் அண்ட் பேக்கெல், பிலிப்ஸ் மெஷின்களுக்கும் அவற்றுக்கே உரிய ஹீட்டட் டியூப்கள் உண்டு. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. ஏர்சென்ஸ் 10-க்கான டியூப் ஏர்சென்ஸ் 11-இல்கூடச் சேராது, இணையத்தில் வாங்கும்போது இதில்தான் பணம் வீணாகிறது. விலை சில ஆயிரம் ரூபாய். தனி அடாப்டரில் ஓடும் பொதுவான ஹீட்டட் டியூப்களும் சந்தையில் உள்ளன. அவை மெஷினோடு பேசாது, அறையின் ஈரத்தைப் பார்த்து அளவை மாற்றவும் மாற்றாது.

18 டிகிரி ஏசியில் தூங்குபவருக்கும், டிசம்பரில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஹீட்டர் இல்லாத அறையில் இருப்பவருக்கும் வேறு வழி தேட வேண்டாம், இதுதான். 12 டிகிரி அறைக் காற்று கன மீட்டருக்கு 10.7 கிராம்தான் தாங்கும். உறையை நம்பி அங்கே போனால் டியூபில் ஓடைதான்.

ஹீட்டட் டியூப் இருந்தும் தண்ணீர் வருகிறது என்பவர்கள் செய்யும் தவறு அநேகமாக ஒன்றுதான். சூட்டால்தான் ஈரம் வருகிறது என்று நினைத்து டியூபின் வெப்பநிலையைக் குறைத்துவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. கையால் வைக்கும் முறையில் ஈரப்பதம் 8, டியூப் 20 டிகிரி என்று வைத்தால் மழையை நீங்களே வரவழைக்கிறீர்கள். ஈரப்பதத்தை அப்படியே விட்டு டியூபை இரண்டு டிகிரி ஏற்றுங்கள். சூடான காற்று மூக்கை அடைப்பதாகத் தோன்றினால் டியூபைத் தொடாமல் ஈரப்பதத்தைக் குறையுங்கள். இதில் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள விரும்பாதவர் தானியங்கி முறையில் விட்டுவிடலாம், அது தன் வேலையை நன்றாகவே செய்கிறது.

இன்னொரு காரணம், இணைப்பு சரியாக உட்காராதது. மெஷினின் திரையில் டியூப் வெப்பநிலை என்ற அமைப்பே தெரியவில்லை என்றால் மெஷின் டியூபை உணரவில்லை. கழற்றி, மின் முனைகள் காய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, சரியாகப் பொருந்தும்வரை அழுத்துங்கள். கழுவிய பிறகு முனைகள் முழுக்க உலராமல் மாட்டவே கூடாது.

மின்வெட்டு உள்ள ஊரில் ஒன்றை யோசியுங்கள். காற்றை ஊதும் மோட்டாருக்கு மின்சாரம் அதிகம் வேண்டாம், ஹ்யூமிடிஃபையர் தொட்டியைச் சூடேற்றும் தட்டும் ஹீட்டட் டியூபும்தான் தின்னும். பேட்டரியில் ஓட்டும்போது இரண்டையும் அணைத்துவிட்டால் மெஷின் பல மடங்கு நேரம் தாங்கும். தட்டை மட்டும் விட்டுவிட்டு டியூபை அணைத்தால் மறுபடி மழைதான். அணைப்பதென்றால் இரண்டையும் சேர்த்தே அணையுங்கள்.

தண்ணீர் இல்லாத வழி

ரெஸ்மெட்டின் சிறிய பயண மெஷினான ஏர்மினியில் தொட்டியே கிடையாது. மாஸ்க் பக்கத்தில் வைக்கும் ஹ்யூமிட்எக்ஸ் என்ற சிறு வில்லை நாம் விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்துவைத்து, இழுக்கும் மூச்சில் திருப்பித் தருகிறது. டியூபில் ஈரக் காற்றே ஓடாததால் அங்கே நீர் தேங்க வாய்ப்பில்லை. வில்லையை 30 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தத் தொடர்செலவு வீட்டில் தினசரிப் பயன்பாட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை.

ஆஸ்பத்திரி வென்டிலேட்டர்களில் போடும் இதே வகை வடிகட்டியை வாங்கி வீட்டு மெஷினில் நுழைக்கும் யோசனை அவ்வப்போது கிளம்புகிறது. வேண்டாம். சாதாரண மாஸ்க்கில் விடும் மூச்சு மாஸ்க்கின் துளைகள் வழியே வெளியே போய்விடும், டியூபில் இருக்கும் வில்லைக்கு ஈரம் கிடைக்காது. காற்றுக்குத் தடைதான் கூடும்.

டியூபைத் தொங்கவிடுவது

மெஷின் தலையணை மட்டத்துக்குக் கீழே இருந்தால் இறங்கும் நீர் தொட்டிக்கே திரும்பும். கட்டிலுக்குப் பக்கத்தில் தாழ்வான ஸ்டூல் போதும். டியூபைத் தலைக்கு மேல் கொக்கியில் தொங்கவிடும் பழக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. உச்சிக்கு மெஷின் பக்கம் உள்ள நீர் தொட்டிக்குப் போகும், மாஸ்க் பக்கம் உள்ளது நேராக உங்கள் முகத்துக்கு வரும். எனவே கொக்கியிலிருந்து முகத்துக்கு வரும் துண்டு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தரையில் U வடிவில் தொங்கும் வளைவுதான் மோசம், கொடகொட சத்தம் பிறக்குமிடம் அதுவே.

மாஸ்க்கில் மட்டும் ஈரம் என்றால்

இங்கே எந்த டியூபும் உதவாது. மூக்கிலிருந்து வெளிவரும் காற்று 32 முதல் 34 டிகிரியில் கிட்டத்தட்ட ஈரம் நிறைந்தே வருகிறது. ஹ்யூமிடிஃபையர் அணைந்திருந்தாலும் குளிர்ந்த அறையில் மாஸ்க்கின் பிளாஸ்டிக்கில் அது படியத்தான் செய்யும். மூக்கும் வாயும் மூடும் பெரிய மாஸ்க்கில் பரப்பு அதிகம், ஈரமும் அதிகம். மூக்குத் துளையில் பொருந்தும் சிறிய வகையில் மிகக் குறைவு. டியூப் உச்சந்தலையில் இணையும் வகையில் காற்று கன்னங்களின் ஓரமாக உள்ளீடற்ற சட்டத்தில் இறங்குகிறது. ஹீட்டட் டியூபின் சூடு உச்சந்தலையோடு முடிந்துவிடுவதால், குளிர் அறையில் அந்தச் சட்டத்துக்குள் நீர் படியும். டியூப் மூக்குக்கு முன்னே இணையும் வகையில் சூடு மூட்டு வரை வந்து சேர்கிறது.

மாஸ்க் மாற்ற முடியாதவர்கள் அறையை ஒரு டிகிரி உயர்த்துவதோடு ஈரப்பதத்தை ஒரு படி இறக்கிப் பார்க்கலாம். காற்று முகத்தில் படாதபடி ஏசியைத் திருப்புவது இன்னும் பலன் தரும். வெளியேற்றுத் துளைகள் வலைத்துணி வகையாக இருந்தால், அது நனைந்திருக்கிறதா என்று காலையில் பார்த்துத் துடைத்து உலர்த்துங்கள், நனைந்த வலை வெளியேறும் காற்றை மறிக்கும். மாஸ்க்கையும் டியூபையும் தினமும் கழற்றி, நிழலில், டியூபின் இரு முனையும் கீழ்நோக்கித் தொங்கும்படி கொக்கியில் போடுங்கள்.