உதவித்தொகை, நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று ஆஸ்பத்திரி வார்டுக்கே வரும் ‘வக்கீல்’: குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனத்துக்கு

நம்ம மாவட்டத்தில் சாரத்திலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்து, வண்டியில் அடிபட்டு, நடக்க முடியாமல் வீட்டில் கிடப்பவர்களின் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். “மாசப் பணம் வாங்கித் தாரேன், நஷ்டஈடு வாங்கித் தாரேன்” என்று அழைக்காமலே தேடி வருகிற ஆளிடம் ஒரு காகிதத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். போலீசில் புகார் இருப்பதால் அந்த ஆளின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை.

தம்பி கொத்தனார். 2022இல் கருங்கல் பக்கம் ஒரு மாடி வீட்டு வேலையில் சாரம் சரிந்து விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது வயது 35, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடந்தபோதே அந்த ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், கையில் கோர்ட்டுக் கட்டு. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பேசிவிட்டு எங்களிடம் வந்தார். விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று போட்டிருந்தது. “எக்கா, நீங்க ஒண்ணும் பேடிக்காண்டாம். பென்ஷன், கேஸ் எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

முதலில் 15,000 ரூபாய் ஃபீஸ். கொஞ்ச நாளில், ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் மெடிக்கல் போர்டில் 75 சதவீதத்துக்கு மேல் போடச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு 20,000. தம்பி பெண்டாட்டி தாலிச் சங்கிலியை அடகு வைத்துத்தான் கொடுத்தாள். ரசீது கேட்டதற்கு, “கேஸ் நம்பர் ஆனதும் எல்லாம் சேர்த்துத் தாரேன்” என்று பதில். வருகிற பணத்தில் நூற்றுக்கு முப்பது தனக்கு என்றும் பேசிக்கொண்டார். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம், ரேஷன் கார்டு நகல், போட்டோ எல்லாம் வாங்கிப் போனார். ஜெராக்ஸ் இல்லை, ஒரிஜினல். கூடவே மூன்று இருபது ரூபாய் முத்திரைத்தாள். ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி மட்டும். நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத தம்பியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வாங்கினார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில், “ஃபைல் மெட்ராசுக்குப் போயிருக்கு” என்ற ஒரே பதில்தான்.

பிறகு ஒருநாள் கான்டிராக்டரையும் கூட்டிக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். ஒன்றரை லட்சம் தருவார்களாம், இனி எந்தக் கேசும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வாசகம் எல்லாம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அடித்திருந்த தாள், தம்பி முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே முத்திரைத்தாள். எங்களுக்காக வாதாட வந்தவர் யாருக்காக வேலை பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அந்த நேரம் தம்பியைப் பார்க்க வந்திருந்த கட்டுமானத் தொழிலாளர் சங்கத்து அண்ணன் ஒருவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “பைசாவைத் தொடாதே மக்கா” என்று தடுத்தார்.

அவர்தான் எங்களை நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற, இலவசச் சட்ட உதவி தருகிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். விசாரித்ததில் எல்லாம் தெரிந்தது. தாலுகா ஆபீசில் தம்பி பெயரில் மனுவே இல்லை. எங்கேயும் வழக்குப் போடவில்லை. அந்தப் பெயரில் வக்கீலாகப் பதிவும் இல்லை.

ஒன்றரை லட்சம் எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்குக் கணக்குச் சொல்கிறேன். தம்பி விழுந்தபோது நடப்பில் இருந்தது 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலை செய்யும் திறன் முழுதும் நிரந்தரமாகப் போனால், மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தின் அட்டவணையில் கொடுத்திருக்கிற எண்ணால் (காரணி) பெருக்க வேண்டும். சம்பளம் அதற்கு மேல் இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 35 வயதுக்குக் காரணி 197.06. அப்படியென்றால் 9,000 பெருக்கல் 197.06, மொத்தம் 17,73,540 ரூபாய். தாமதத்துக்கு வருடம் 12 சதவீத வட்டி வேறு. இப்படி உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி செல்லாது. சமரசம் என்றாலும் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவாக வேண்டும், தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். ஆனால் மனுவை விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அந்த ஆள் எங்களை அலைக்கழித்தது இந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மாதாந்திர உதவித்தொகைக்கு வக்கீலே தேவையில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. சதவீதத்தை முடிவு செய்வது அரசு டாக்டர்கள்தான். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் வருவாய்த்துறை வழியாக மாதம் 1,500 ரூபாய்க்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் நேரே மனுவை நீட்டலாம்.

சதவீதத்தைக் காசு கொடுத்துக் கூட்டலாம் என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முறித்துவிடுங்கள். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவுப்படி, மோசடியாகச் சலுகை பெற்றால் 2 வருடம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். காசு வாங்கினவர் நழுவிவிடுவார், படுக்கையில் கிடக்கிறவர்தான் மாட்டுவார். சதவீதம் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்று நிஜமாகவே தோன்றினால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தில் 59ஆம் பிரிவு இருக்கிறது.

வழக்கு என்று வந்தால் வக்கீல் வேண்டும். நல்லவர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இப்போது எங்களுக்காக நிற்பவரும் அப்படிப்பட்டவர். ஆனால் முதல் நாளே, வக்கீல்களைப் பதிவு செய்கிற பார் கவுன்சில் தந்த பதிவு எண்ணும் வருடமும் கேளுங்கள். முறையாகப் பதிவானவர் கோபப்பட மாட்டார். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன, அதனால் நூற்றுக்கு முப்பது என்று ஆரம்பிப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. நமக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம், வெற்றுத்தாளில் கூடவே கூடாது. ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும். மனுப் போட்டேன் என்றால் எண்ணோடு நகல் கேட்டு வாங்குங்கள், எண் இல்லையென்றால் மனு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்லை என்பதற்காக இப்படிப்பட்ட ஆட்களிடம் போக வேண்டிய அவசியமும் இல்லை. 1987ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக வக்கீல் உண்டு. பெண்களுக்கும் உண்டு. அங்கே தந்த வக்கீல்தான் தம்பிக்காகக் கெடு முடிவதற்குள் மனுவைத் தாக்கல் செய்தார், ஒரு பைசா வாங்கவில்லை. நாகர்கோவில்வரை வர முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம்.

தம்பிக்கு மாத உதவித்தொகை வருகிறது. இழப்பீட்டு வழக்கு நடக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரிக்கு ஆஸ்பத்திரியில் மனுக் கொடுத்து நகல் வாங்கினோம். மீதி இரண்டு முத்திரைத்தாளும் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. உங்களிடமும் இப்படி யாராவது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், எந்தத் தேதியில், எத்தனை தாள், யார் முன்னிலையில் என்று எழுதி உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தத் தாள் கடன் பத்திரமாகவோ சமரசப் பத்திரமாகவோ வந்து நின்றால் காட்டுவதற்கு அது வேண்டும்.