வாழி பாடாமல் முடியும் கதை: ஒரு ஆல்பத்தோடு 22 வருசம்

எனக்கு இந்த ஆல்பம் வந்து சேர்ந்ததே வரிசை குலைந்துதான். 2003, இன்ஜினியரிங் இரண்டாம் வருசம். பெங்களூரில் வேலை பார்த்த அத்தான் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு எம்பி3 சிடி கொடுத்தார். மேலே மார்க்கர் பேனாவால் 'ட்ரீம் தியேட்டர்' என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. பாட்டுகளின் பெயருக்கு முன்னால் எண் கிடையாது. அதனால் என் பிளேயர் ஆங்கில எழுத்து வரிசையில் பாடியது. 'பியாண்ட் திஸ் லைஃப்' முதலில். 'ஃபைனலி ஃப்ரீ' மூன்றாவது. 'த்ரூ மை வேர்ட்ஸ்' என்ற ஒரு நிமிசப் பியானோ பாட்டு கடைசியில். ஒரு வருசம் அப்படியேதான் கேட்டேன். கொலைச் செய்தி முதலில் வரும், கொன்றது யார் என்பது மூன்றாவதிலேயே தெரிந்துவிடும், அப்புறம் ஒன்பது பாட்டுக்கு யாரோ எதையோ தேடிக்கொண்டே இருப்பார்கள்.

ஹாஸ்டலில் சீனியர் ஒருவரிடம் ஒரிஜினல் சிடி இருந்தது. அதன் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் பாட்டுகளுக்குக் காட்சி எண் இருப்பதைப் பார்த்தேன். நாடகம் மாதிரி இரண்டு அங்கம், ஒன்பது காட்சி, பன்னிரண்டு பாட்டு, மொத்தம் 77 நிமிசம். அன்று ராத்திரி சரியான வரிசையில் கேட்டுவிட்டு நெடுநேரம் தூங்கவில்லை.

ஆல்பத்தின் முழுப்பெயர் 'மெட்ரோபோலிஸ் பார்ட் 2: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. 1999 அக்டோபரில் வந்தது. 1992-ல் இவர்கள் போட்ட ஒரு பாட்டின் பெயரில் 'பார்ட் 1' என்று இருந்தது. இரண்டாம் பாகம் எப்போது என்று ரசிகர்கள் ஏழு வருசம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பதிலாக ஒரு முழு ஆல்பமே வந்தது. கீபோர்டில் ஜோர்டன் ரூடஸ் சேர்ந்த முதல் ட்ரீம் தியேட்டர் ஆல்பமும் இதுதான். கிடாரிஸ்ட் ஜான் பெட்ரூசியும் டிரம்மர் மைக் போர்ட்னாயும் தாங்களே தயாரித்தார்கள்.

கதை இதுதான். நிக்கலஸ் என்பவனுக்குத் திரும்பத் திரும்ப ஒரு பெண்ணின் நினைவு வருகிறது. மனோவசியம் செய்கிறவரிடம் போகிறான். 1928-ல் கொலையுண்ட விக்டோரியா என்ற பெண்தான் முற்பிறவியில் தான் என்று தெரிகிறது. காதலன் ஜூலியன் அவளைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தானும் செத்தான் என்று அந்தக் காலத்துச் செய்தித்தாள் சொல்கிறது. அதை நம்பி, அவள் கல்லறையில் அழுது, மனசு ஆறி நிக்கலஸ் வீடு திரும்புகிறான். உண்மையில் கொன்றது ஜூலியனின் கூடப்பிறந்த எட்வர்ட், ஒரு செனட்டர். இருவரையும் சுட்டுவிட்டு, பார்த்த சாட்சியாகவும் அவனே நின்றுவிட்டான். அந்த எட்வர்டின் மறுபிறவிதான் மனோவசியக்காரர். கடைசி நிமிசத்தில் நிக்கலஸின் வீட்டுக்கு வந்து, கண்ணைத் திற என்கிறார். ஒரு அலறல். பிறகு இசைத்தட்டில் முள் உரசும் இரைச்சல்.

இந்த 22 வருசத்தில் இதை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். நான் எழுத வந்தது பெரும்பாலும் அவர்கள் கேட்ட விதத்தைப் பற்றித்தான்.

ஹாஸ்டலில் கேட்டவர்கள் எல்லாரும் கிடார்ப் பிரியர்கள். பாட்டு வந்தால் தாண்டிவிட்டு சோலோ இடத்துக்குப் போவார்கள். இன்னும் கனமான மெட்டல் கேட்கிற இரண்டு பேர், 'த்ரூ ஹெர் ஐஸ்' வந்ததும் இது சர்ச் பாட்டு என்று எழுந்து போய்விட்டார்கள். பாதிப்பேருக்குப் பிடித்தது பதினொன்றாவது பாட்டான 'தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்'. சாவுக்கு அப்புறமும் உயிர் தொடரும் என்று கோரஸோடு எழும்பும் பாட்டு. அது முடிந்ததும் பிளேயரை நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டாவதைக் கேட்காமலே இந்த ஆல்பத்தைப் பல வருசம் கொண்டாடியவர்களை எனக்குத் தெரியும். அந்த மனோவசியக்காரர் யார் என்பதில் மீதிப்பேருக்குள் ஓயாத சண்டை. 2000 ஆகஸ்டில் நியூயார்க் ரோஸ்லேண்ட் பால்ரூமில் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்த டிவிடி கைக்கு வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

நல்லாக் கேட்ட முதல் ஆள் என் ஆச்சிதான்.

2006 சித்திரை. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஆச்சி வீடு. கரண்டு இல்லை. தார்சாவில் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆச்சி முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாலு பாட்டு வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னல இது, இவ்வளவு நேரமா ஒரே ஆளு கத்துதான்?" என்றாள். கதைப்பாட்டு ஆச்சி என்றேன். கதை என்றதும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

பாட்டு ஓட ஓட நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பிள்ளையைக் கொன்னது யாரு?"

"காதலிச்சவனே கொன்னுட்டு அவனும் செத்துட்டான்னு பேப்பர்ல போட்டிருக்கு."

"பேப்பர்க்காரனுக்கு யாரு சொன்னா?"

"பாத்தேன்னு ஒருத்தன் சாட்சி சொல்லியிருக்கான் ஆச்சி."

"அப்ப அந்தச் சாட்சிக்காரனைப் பிடிக்கச் சொல்லு."

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஆறாவது பாட்டு. இசைக்குழு பன்னிரண்டாவது பாட்டு வரைக்கும் பொத்திவைத்த விசயத்தை ஆச்சி கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே சொல்லிவிட்டாள். கல்லறையில் அவன் அழுகிற இடம் வந்தபோது, "அழுதா போதுமா? வெட்டுப்பட்ட பிள்ளைக்குப் பீடம் போடலையா? படைக்கலையா?" என்று கேட்டாள். கடைசியில் மனோவசியக்காரர்தான் கொன்றவன் என்றபோது நான் எதிர்பார்த்த திடுக்கிடல் அவள் முகத்தில் இல்லை. "இவ திரும்பி வந்தா அவனும் வருவாம்லா" என்றாள், அவ்வளவுதான்.

அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆச்சி விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் பக்கத்துச் சாமிகளில் பாதிப்பேர் அநியாயமாகக் கொலையுண்டவர்கள்தான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டன், மாடு கவர வந்தவர்களால் கொலையுண்டவன். அவன் சாகப்போகிறான் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் வருசாவருசம் கோயில் கொடைத் திருவிழாவில் உட்கார்ந்து கேட்கிறார்கள். 77 நிமிசம் நீளம் என்று ஹாஸ்டலில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மதியக்கொடைக்கும் சாமக்கொடைக்கும் உட்கார்ந்து கேட்டவர்கள் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

ஆச்சியோடு கேட்ட பிறகு எனக்கே ஆல்பத்தின் அமைப்பு வேறாகப் புலப்பட்டது. வில்லுப்பாட்டில் காப்பு என்ற கடவுள் வாழ்த்து முடிந்ததும் புலவர் வருபொருள் உரைப்பார். வரப்போகும் கதையை முன்னாலேயே கோடிகாட்டிவிடுவார். ஆல்பத்தின் இரண்டாவது பாட்டான 'ஓவர்ச்சர் 1928' செய்வது அதைத்தான். பின்னால் வரப்போகிற மெட்டுகள் வார்த்தையில்லாமல் அங்கே ஒருமுறை தலைகாட்டிப் போகின்றன, போதாததற்கு 1992 பாட்டின் துணுக்கும். நிக்கலஸ், விக்டோரியா, ஜூலியன், எட்வர்ட் எல்லாருக்கும் குழுவின் பாடகர் ஜேம்ஸ் லாப்ரீ ஒருவரே குரல் கொடுப்பதும் எனக்கு உறுத்தவில்லை. ஒரே புலவர் ராஜாவாகவும் ராணியாகவும் கொலைகாரனாகவும் பேசுவதைப் பார்த்த காதுதானே. வில்லில் கடைசியாக வாழி பாடி முடிப்பார்கள். ஊரும் கேட்டவரும் வாழ்க என்பார்கள். 'தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்' அப்படியொரு வாழி மாதிரி ஒலிக்கிறது. அதனால்தான் ஹாஸ்டலில் அதோடு எழுந்து போனார்கள். ஆனால் கொன்றவன் பெயர் இன்னும் வெளியே வராதபோது எப்படி வாழி பாடுவது? பன்னிரண்டாவது பாட்டு அந்தப் பொய் வாழியை உடைக்கிறது. என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் 'ஃபைனலி ஃப்ரீ'தான், அதற்கு முந்தினது அல்ல.

இரண்டாவதாகச் சொல்லவேண்டியவர் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருந்த நையாண்டி மேளத் தவில்காரர். 2012 என்று நினைவு. கொடை சீசன் முடிந்து ஓய்வாக இருந்தார். ஒன்பதாவது பாட்டான 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி'யை அவருக்குப் போட்டேன். ஆறு நிமிசத்துக்கு மேல் ஓடும், பாடகரே கிடையாது. தாளம் 108 தடவை மாறுகிறது என்று ரசிகர்கள் எண்ணிவைத்திருக்கிறார்கள். வலது கை விரல்களில் கூடு மாட்டியபடியே பெஞ்சில் தட்டிக்கொண்டு வந்தார். "ஏழு... ஏழு... அஞ்சு... ஏ, எங்கவே போறான்?" திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தடவை எண்ணுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் பழைய அமெரிக்கச் சாராயக்கடைப் பியானோ மாதிரி ஒரு துண்டு வரும்; அங்கே மட்டும், "இந்த இடத்துல சிரிக்காம் பாத்தியளா" என்றார்.

முடிந்ததும் நான் பாராட்டை எதிர்பார்த்தேன். "வேலை தெரிஞ்சவங்க, சந்தேகம் இல்ல. ஆனா அண்ணாச்சி, மேளம்னா சாமி ஆடணும்லா. இதுக்கு யாரு ஆட முடியும்? காலை எங்க வைக்கன்னே தெரியல" என்றார். நியாயமான பேச்சு. இந்தப் பாட்டைப் பல வருசம் வியந்து வியந்து கேட்டிருக்கிறேன், இப்போது தனியாக எடுத்துப் போட்டுக் கேட்பதில்லை. வரிசையில் வந்தால் கேட்பேன். அவருக்குப் பிடித்தது 'ஃபைனலி ஃப்ரீ'யின் கடைசிப் பகுதி. ஒரே கிடார் ஓட்டம் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் போர்ட்னாய் அடியைக் கூட்டிக்கொண்டே போவார். "இங்கதான் அடிக்கான்" என்று தொடையில் தட்டினார். 2010-ல் போர்ட்னாய் குழுவை விட்டுப் போனதும், 2023 அக்டோபரில் திரும்பி வந்ததும் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் வீட்டு விசேசம் மாதிரிப் பேசப்பட்டன. அவர் திரும்பி வந்தபோது எனக்கு நினைவு வந்தது இவருடைய அந்தத் தொடைத்தட்டல்தான்.

என் மனைவி சொன்ன குறைக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. "செத்தது அவ. கதை முழுக்க ஆம்பளைங்கதான் பேசுதாங்க" என்றாள். தெரேசா தாமசன் என்ற பாடகியின் குரல் 'த்ரூ ஹெர் ஐஸ்' தொடக்கத்தில் வார்த்தையில்லாமல் அழுவதுபோல் வரும், 'தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்' பாட்டிலும் வரும். அந்தக் குரலுக்கு விக்டோரியாவின் பங்கை இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால் கதை எங்கேயோ போயிருக்கும்.

நீண்ட நாள் கேட்டதில் தெரிந்த மற்றக் குறைகளும் உண்டு. 'ஹோம்' பாட்டின் நடுவில் வரும் முனகல் சத்தம் கதைக்குத் தேவையில்லை; வீட்டுக் கூடத்தில் போடவே முடியாது. அந்தப் பாட்டு சித்தார் போன்ற ஒலியோடு தொடங்கி ஜூலியனின் சூதாட்டத்துக்குள் இறங்கும் விதம் அருமை என்பதால் இந்த வருத்தம் கூடுதல். குழுவின் ஜான் மியுங் வாசிக்கும் பேஸ் கிடார் நல்ல ஹெட்போன் இல்லாமல் கேட்காது. பத்து வருசம் மலிவு இயர்போனில் கேட்டுவிட்டு, 2014-ல் ஒழுங்கான ஒன்று வாங்கிய அன்றுதான் 'ஸ்ட்ரேஞ்ச் தேஜா வூ'வில் அவர் என்ன வாசிக்கிறார் என்றே தெரிந்தது.

பாட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஓடுகின்றன. பழைய எம்பி3 பிளேயர்களில் இடையில் அரை நொடி அமைதி விழும். 'த்ரூ மை வேர்ட்ஸ்' முடிந்து 'ஃபேட்டல் ட்ராஜடி' தொடங்கும் இடத்தில் அது கழுத்தை அறுப்பதுபோல இருக்கும். செல்போன் செயலியில் கேட்கிறவர்கள் அமைப்பில் போய் அந்த இடைவெளியை நீக்கிவிட்டுக் கேளுங்கள். வரிசை மாற்றிப் பாடும் பொத்தான் அணைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருசம் அப்படிக் கேட்டவன் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரும்பாலும் பஸ்ஸில். திருநெல்வேலியில் பாபநாசம் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் தொடங்குவேன். வீரவநல்லூர் வரும்போது முதல் அங்கம் முடிந்திருக்கும். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது இரண்டாம் அங்கத்தின் நடுவில் இருப்பேன். மலை கிட்டே வரும்போது கோரஸ் எழும்பும். ஆச்சி போய்ப் பதினோரு வருசம் ஆகிறது. அந்த வீட்டுத் தார்சாவில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

போன மாதம் அக்கா மகனுக்கு அனுப்பிவைத்தேன். முதல் வருசம் காலேஜ் படிக்கிறான். முதலில் எதையும் தேடிப் படிக்காதே, லைட்டை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் கேள் என்று மட்டும் சொன்னேன். ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"மாமா, கடைசில அந்த டாக்டர்தான் கொல்லுதானா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதுக்கப்புறம் ஒரு இரைச்சல் ஓடிக்கிட்டே இருக்கே, அது என்னது?"

இசைத்தட்டு முடிந்தும் முள் சுற்றுகிற சத்தம் என்றேன். 2002-ல் வந்த அவர்களுடைய அடுத்த ஆல்பம் அதே இரைச்சலில்தான் தொடங்கும் என்றும் சொன்னேன்.

"இருங்க, போடுதேன்" என்று வைத்துவிட்டான்.