கடைக் கணக்கை எங்கே வைப்பது? எக்செல், கடைக் கம்ப்யூட்டர், கிளவுட்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுடையது எலக்ட்ரிக்கல், பிளம்பிங் சாமான் கடை. ஏறக்குறைய நாலாயிரம் ஐட்டம். கணக்கை மூன்று விதமாகவும் வைத்துப் பார்த்துவிட்டோம். முதலில் எக்செல், அப்புறம் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பில்லிங் மென்பொருள், இப்போது கிளவுட், அதாவது நெட் வழியாக வெளியூர் சர்வரில் கணக்கை வைப்பது. எனக்குச் சரிப்பட்டது கிளவுட்தான்.

எக்செல் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை பிடிக்கும். சின்னக் கடைக்கு இடம் போதாமல் போகாது. ஆனால் முக்கால் இஞ்ச் எல்போவை நான் ஒரு மாதிரி அடிப்பேன், கடைப் பையன் வேறு மாதிரி அடிப்பான். மாதக் கடைசியில் கூட்டும்போது ஒரே எல்போ நாலு பெயரில் நிற்கும். பில்லிங் மென்பொருளில் ஐட்டம் மாஸ்டர் என்ற பொருள் பட்டியலில் ஒரு தடவை பதிந்துவிட்டால் போதும், பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். எது ஓடுகிறது, எது தேங்குகிறது என்று பார்ப்பதற்கு அந்த ஒழுங்கு இல்லாமல் முடியாது.

அடுத்த இரண்டில், கடைக் கம்ப்யூட்டருக்கு நெட் வேண்டாம். கிளவுடுக்கு நெட்டும் வேண்டும், சந்தாவும் கட்ட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. நான் பார்க்கச் சொல்வது வேறு: தினமும் பேக்கப் எடுப்பது யார்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையும் பெருகியது. கடைக்குள் முழங்கால் தண்ணீர். கல்லா மேசைக்குக் கீழே தரையில் இருந்த சிபியூ முழுக்க நனைந்துவிட்டது. பேக்கப் எடுக்கும் பென் டிரைவ் சாவிக்கொத்தில் பத்திரமாக இருந்தது. திறந்து பார்த்தால் அதில் கடைசித் தேதி அக்டோபர் 30, தீபாவளிக்கு முந்தின நாள். பண்டிகைக் கூட்டத்தில் விட்டது, நவம்பர் முழுக்க விட்டுப்போயிற்று. இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கும்போது யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை.

கொள்முதலை மீட்க முடிந்தது. சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் 2பி என்ற நம் கொள்முதல் அறிக்கையில் வந்துவிடும். ஆனால் அதில் தொகையும் வரியும்தான் இருக்கும், எந்தப் பொருள் எத்தனை என்று இராது. ஒவ்வொருவரிடமும் பில் பிரதி கேட்டு வாங்கினோம். கடன் பாக்கிக்கு பிளம்பர்களும் எலக்ட்ரீஷியன்களும் தாங்களாகவே வந்து, "அண்ணே, என் பேர்ல நாலாயிரத்துச் சொச்சம் இருக்கும், எழுதிக்குங்க" என்று சொன்னார்கள். அதை நான் மறக்க மாட்டேன். ரொக்க விற்பனை விவரம் மட்டும் போனது போனதுதான். மழை மாதத்தில் எமர்ஜென்சி லைட், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எத்தனை போகும் என்று அடுத்த வருஷக் கொள்முதலுக்குப் பார்க்க வேண்டிய கணக்கு அது.

கிளவுடில் பில்லைச் சேமித்த கணமே அது வெளியூர் சர்வருக்குப் போய்விடுகிறது. பேக்கப் என்று ஒரு வேலையே கடையில் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: ராத்திரி சாப்பிட்டுவிட்டு போனிலேயே அறிக்கை பார்க்கலாம். ஆறு மாதமாக நகராத சரக்கை ஒருநாள் வடிகட்டிப் பார்த்தேன். பிரிக்காத பழைய மாடல் சுவிட்ச் மட்டும் இருபத்திரண்டு பெட்டி! பாக்கியையும் 30, 60, 90 நாள் என்று பிரித்துக் காட்டுவதால் யாரை முதலில் கேட்பது என்ற குழப்பம் இல்லை. இந்த அறிக்கைகள் பழைய மென்பொருளிலும் இருந்தவைதான். கடை நேரத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

நெட் போனால் பில் நின்றுவிடும் என்பது உண்மை. அதற்காகக் கை பில் புத்தகம் ஒன்று மேசையிலேயே இருக்கிறது. எங்களுடையது ஒரே கடை, ஒரே ஜிஎஸ்டி எண். நாலைந்து கிளை, தனிக் குடோன் என்று இருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்குமுன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: எல்லாப் பதிவையும் எக்செல்லாக இறக்கித் தருமா? ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். சந்தாவை நிறுத்தினாலும் அந்தப் பொறுப்பு நம்முடையதுதான். நான் மாதம் பிறந்ததும் போன மாதக் கணக்கை ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொள்கிறேன். அது வீட்டில், மாடி பீரோவில் இருக்கிறது.